தரகர் கழுத்தில் அட்டை ஏறிய கதை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள், வீடு வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி என்று விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நான் கொஞ்சம் பின்னோக்கிப் போகிறேன். வீடு, நிலத் தரகு செய்ய நம் நாட்டில் ஏன் லைசென்ஸ் வேண்டியிருக்கிறது? அது எப்போது வந்தது? வருவதற்கு முன்னால் நாம் எதையெல்லாம் இழந்தோம்? இதுதான் என் பேச்சு. முதலில் என் பெரியப்பாவின் கதையைச் சொல்ல அனுமதியுங்கள்.

ஈப்போவிலிருந்து தெற்கே கோப்பேங் போகும் பழைய சாலையில் சாம் போ தோங் குகைக் கோயில் வரும், வரிசையாகப் பம்பளிமாஸ் கடைகள் வரும். அங்கே நிற்கும் சுண்ணாம்புக்கல் மலையின் பெயர்தான் குனோங் ராபாட். ஊருக்கும் அதே பெயர். அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமம் அங்கே உண்டு, ஈய லம்பம் தோண்டிப் போட்ட குளங்கள் உண்டு, இடையிடையே நம்மவர் குடியிருப்புகளும் உண்டு. இரயில்வேயில் இருந்தவர்கள், பொதுப்பணித் துறையில் சாலை போட்டவர்கள், தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் என்று பலரும் வந்து சேர்ந்த இடம்.

என் பெரியப்பா பத்து காஜா பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் சீவியவர். 1986இல் 55 வயதாகி, சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு லயத்தைக் காலி செய்தார். அந்த ஆண்டு கிந்தா பள்ளத்தாக்கு எப்படி இருந்தது என்று மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1985 அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தை ஈய வாணிபத்தையே நிறுத்தியது. விலை சரிந்தது, லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. வேலை போனவர்கள் இருந்த வீட்டை விற்றார்கள். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் வீடு தேடினார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நின்றவர் தரகர்.

எங்கள் தரகர் ஓர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருப்பார். கோயில் திருவிழாவுக்கு முன்னால் நிற்பவர், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வருபவர். அவர் பெரியப்பாவைக் கூட்டிப்போய்ப் பலகைச் சுவரும் தகரக் கூரையும் போட்ட ஒரு வீட்டைக் காட்டினார். "அண்ணே, சுத்தி நம்ம ஆளுங்கதான். தண்ணி இருக்கு, கரண்ட் இருக்கு. பேப்பரும் இருக்குண்ணே" என்றார். பேப்பர் இருந்தது உண்மைதான். அரசாங்க முத்திரை போட்ட பேப்பர். பெரியப்பா 4,500 வெள்ளியை வீட்டுக்காரரின் மகனிடம் கொடுத்தார், தரகருக்கு 200 வெள்ளி கொடுத்தார். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாளில் ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த ஜனவரியில் நில அலுவலகத்துக்குப் போனபோது குமாஸ்தா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாக்சிக், இது கிராண்டு இல்லை. லைசென்ஸ். இதில் பெயர் உள்ளவர் இறந்துவிட்டார். லைசென்சும் அவரோடு முடிந்துவிட்டது" என்றார்.

அது டி.ஓ.எல். தாள். அதாவது தற்காலிகக் குடியிருப்பு உரிமம். தேசிய நிலச் சட்டத்தில் அதற்கென்றே 4ஏ என்று ஒரு படிவம் இருக்கிறது. எந்த ஆண்டில் கொடுத்தாலும் அந்த ஆண்டு டிசம்பர் கடைசியோடு அதன் காலம் முடிந்துவிடும். அதற்கு மேல் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, விற்கவும் முடியாது. வைத்திருப்பவர் இறந்தால் பிள்ளைகளுக்கும் போகாது. பேரா மாநிலத்தில் மாடு வளர்த்தவர்களும் காய்கறி போட்டவர்களும் லம்ப ஓரத்தில் குடிசை கட்டியவர்களும் தலைமுறை தலைமுறையாக இந்தத் தாளை 'கிராண்டு' என்று நம்பி இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார்கள். வருடா வருடம் அரசாங்கத்துக்குப் பணம் கட்டுகிறோமே, அப்புறம் எப்படி நம் நிலம் இல்லாமல் போகும் என்பது அவர்கள் கணக்கு.

1992இல் அந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்தது. பக்கத்தில் கிராண்டு வைத்திருந்தவருக்கு நிலத்துக்கு விலை கிடைத்தது. என் பெரியப்பாவுக்குச் சாமான் ஏற்ற ஒரு லாரி கிடைத்தது.

தரகர் எங்களை ஏமாற்றினாரா என்று பல ஆண்டுகள் வீட்டில் வாக்குவாதம் நடந்தது. எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. டி.ஓ.எல். என்றால் என்ன என்று அவருக்கே தெரியாது. தெரிந்திருந்தால் தன் சொந்தத் தம்பிக்கும் அதே வரிசையில் ஒரு வீடு முடித்துக் கொடுத்திருக்கமாட்டார். தரகு லைசென்ஸ் என்றதும் திருடனைப் பிடிக்க வந்த சட்டம் என்றுதான் நாம் நினைக்கிறோம். நம் சமுதாயத்தில் திருடனால் போனதைவிட, இப்படி ஒன்றும் தெரியாத நல்லவர்களால் போன பணம் அதிகமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

கப்பல் பதிவேட்டிலிருந்து வந்த முறை

ஒரு தாளில் இவ்வளவு இருக்கிறதா என்று கேட்பீர்கள். நம் நாட்டு நிலமுறையே தாளில்தான் நிற்கிறது. தென் ஆஸ்திரேலியாவில் சுங்க அதிகாரியாக இருந்த ராபர்ட் டோரன்ஸ் என்பவர், கப்பல்களுக்குப் பதிவேடு இருப்பதைப் பார்த்தார். கப்பல் யாருடையது என்று ஊரைக் கேட்க வேண்டியதில்லை, பதிவேட்டில் பெயர் இருந்தால் அவர்தான் உரிமையாளர். நிலத்துக்கும் இப்படியே செய்தால் என்ன என்று யோசித்தார். 1858இல் அங்கே அது சட்டமாயிற்று. பேராக்கில் துணை ரெசிடெண்டாகப் பணியாற்றிய வில்லியம் எட்வர்ட் மேக்ஸ்வெல் இந்த முறையை ஆராய்ந்து மலாய் மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தார். 1926இல் கூட்டு மலாய் மாநிலங்களின் நிலச் சட்டம், பிறகு 1966 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டம் என்று அதே வேரிலிருந்துதான் எல்லாம் முளைத்தன.

இந்த முறையில் பதிவேடுதான் எல்லாம். நீங்கள் முப்பது வருடம் குடியிருந்தாலும், மரம் வைத்தாலும், கோயில் கட்டினாலும் பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் இல்லைதான். ஈப்போவில் கடை வைத்திருந்த நகரத்தார்கள் இதை வெகு சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். கிராண்டைப் பார்க்காமல் கடன் கொடுக்கமாட்டார்கள். அதே ஊரில், அதே மொழி பேசிய தோட்டத் தொழிலாளிக்கு அந்தப் பதிவேட்டின் பக்கம் போகவே வாய்ப்பு இல்லை. அவருக்கு நிலம் என்பது துரையுடையது, லயம் என்பது கிராணி ஒதுக்கிக் கொடுப்பது.

தோட்டம் கைமாறியபோது

பத்து காஜா பக்கம் போகிறவர்கள் கெல்லி மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். பேய் பங்களா என்று பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். அதைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1926இல் லிஸ்பன் நகரில் இறந்தார். மாளிகை பாதியில் நின்றது, தோட்டத்தை ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்ட் கம்பெனி வாங்கியது. பெரிய தோட்டம் ஒரு கம்பெனியிடமிருந்து இன்னொரு கம்பெனிக்குப் போன அந்தக் காலத்தில் துரை மாறினாலும் பிரட்டு மாறவில்லை. புதிதாக வாங்கியவருக்கும் பால் எடுக்க ஆள் வேண்டும், ஆளுக்கு லயம் வேண்டும். அதனால் தோட்டம் விற்கப்பட்டது என்ற செய்தி அன்று யாரையும் அதிகம் பயமுறுத்தவில்லை.

1950களில் அந்த நிலைமை தலைகீழானது. கொரியப் போர்க் காலத்தில் உச்சத்துக்குப் போன ரப்பர் விலை பிறகு இறங்கியது. அவசரகாலம் ஒரு பக்கம், சுதந்திரத்துக்குப் பிறகு என்ன ஆகுமோ என்ற கவலை இன்னொரு பக்கம். பல ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் தோட்டம் நடத்த வாங்கவில்லை. மொத்தமாக வாங்கிச் சிறுசிறு துண்டாகப் போட்டு விற்றார்கள். இதைத்தான் நாம் 'துண்டாடல்' என்கிறோம். பத்து ஏக்கர் வாங்கியவருக்கு எதற்கு லயம், எதற்கு ஆயாக் கொட்டகை, எதற்குத் தமிழ்ப்பள்ளி? அவர் குடும்பமே மரம் சீவிக்கொள்ளும். ஆண்டாண்டு காலமாக இருந்த இடத்தைவிட்டு நம்மவர்கள் வெளியே நின்றார்கள்.

1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் குரல் எழுப்பியது. ஆனால் சட்டப்படி பார்த்தால் தவறு எதுவும் நடக்கவில்லை. பதிவேட்டில் ஒரு பெயர் போய் இன்னொரு பெயர் வந்தது, அவ்வளவுதான். வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைத்த இடைத்தரகர், அந்த நிலத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இதற்கு நாம் கண்ட பதில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், நூறு வெள்ளிக்கு ஒரு பங்கு என்று கேட்டார். விற்கப்படும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. இன்றைக்கு இதைப் பேசும்போது எல்லோரும் சம்பந்தனாரின் தியாகத்தைச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. கைநாட்டு வைத்த தொழிலாளியின் சார்பில் பேரம் பேச, கணக்கு வைக்க, ரசீது கொடுக்க முதன்முதலாக ஓர் அமைப்பு நின்றது. தரகர் செய்ய வேண்டிய வேலையை, பொறுப்போடு, ஒரு சங்கம் செய்தது.

அரசாங்கமும் பிறகு விழித்துக்கொண்டது. தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கவோ பிரிக்கவோ தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று ஆயிற்று. அந்த நேரத்தில் எத்தனையோ லயங்கள் காலியாகிவிட்டிருந்தன.

1981ஆம் ஆண்டுச் சட்டம்

இப்போது தரகருக்கு வருகிறேன். மதிப்பீட்டாளர், நிலமுகவர் ஆகிய தொழில்களைப் பதிவுக்குள் கொண்டுவந்த 242ஆம் சட்டம் 1981இல் இயற்றப்பட்டது. நிதியமைச்சின் கீழ் ஒரு வாரியம் அமைந்தது. விரிவான விதிகள் 1986இல் வந்தன. அதே 1986இல்தான் என் பெரியப்பா ஒட்டுக்கடையில் 200 வெள்ளி எண்ணிக் கொடுத்தார். கோலாலம்பூரில் சட்டம் இருந்தது. எங்கள் தெருவில் அதைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. தரகருக்கும் தெரியாது.

அந்தச் சட்டம் சொல்வது எளிமையானது. வாரியத்தில் பதிவு பெறாத யாரும் கூலிக்கு வீடு, நிலத் தரகு செய்யக்கூடாது. செய்தால் குற்றம். இன்றைய சட்டப்படி 3 லட்சம் வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பதிவு இல்லாதவர் கமிஷன் கேட்டு நீதிமன்றத்துக்கும் போக முடியாது. உங்கள் வீட்டை நீங்களே விற்பதற்கு லைசென்ஸ் வேண்டாம். அடுத்தவர் வீட்டைக் காசு வாங்கிக்கொண்டு விற்பதற்குத்தான் வேண்டும்.

கமிஷனுக்கும் வரம்பு உண்டு. விற்பனை விலையில் 3 விழுக்காட்டுக்கு மேல் கேட்கக்கூடாது. குறைந்தபட்சம் 1,000 வெள்ளி. 3 லட்சம் வெள்ளி வீடு என்றால் அதிகபட்சம் 9,000 வெள்ளி. முன்பணத்தை முகவர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள முடியாது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில், தனியாக, இருக்க வேண்டும்.

பதிவு பெறுவது ஒரு நாளில் ஆகிற காரியம் இல்லை. முதலில் எழுத்துத் தேர்வு. நிலச் சட்டம், மதிப்பீடு, கட்டடம், விற்பனை நடைமுறை என்று பல தாள்கள். பிறகு பதிவு பெற்ற முகவர் ஒருவரின் மேற்பார்வையில் இரண்டு ஆண்டுப் பயிற்சி. அதன் பின் தொழில்திறன் தேர்வு. அதிலும் தேறினால்தான் 'இ' என்ற எழுத்தோடு பதிவு எண் கிடைக்கும், சொந்தமாக நிறுவனம் நடத்தலாம். மோசடிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவருக்கும் திவாலானவருக்கும் அந்தக் கதவு மூடியிருக்கும்.

இவ்வளவு கடுமையாக வைத்ததில் ஒரு விபரீதமும் நடந்தது. முழுப் பதிவு பெற்றவர்கள் கொஞ்சம் பேர். சந்தையோ பெரியது. 1990களில் தாமான் மேல் தாமானாக வந்துகொண்டிருந்தது. ஆகவே ஒரு முகவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு பத்துப் பேர், அவரையும் சொல்லாமல் நூறு பேர் என்று ஊரெல்லாம் புரோக்கர்கள். விளக்குக் கம்பத்திலும் மரத்திலும் வெறும் கைத்தொலைபேசி எண்ணை அச்சடித்து அடித்து வைத்தார்கள். இவர்களை முற்றாக ஒழிக்க முடியாது என்று புரிந்த பிறகு, 2014 முதல் வாரியம் வேறு வழிக்கு வந்தது. பதிவு பெற்ற நிறுவனத்தில் சேர்ந்து, இரண்டு நாள் சான்றிதழ் வகுப்பை முடித்தவர்களுக்கு 'ரென்' எண்ணும் சிவப்பு அட்டையும் தரப்பட்டன. ஆங்கிலத்தில் இவர்களை நெகோஷியேட்டர் என்கிறார்கள். தமிழில் பேரம் பேசுபவர் என்று சொன்னால் சந்தையில் மீன் வாங்குவது போல் இருக்கிறது, ஆகவே ரென் என்றே விட்டுவிடுகிறேன். இவர் தனியாகத் தொழில் செய்ய முடியாது. நிறுவனத்துக்குக் கட்டுப்பட்டவர். தவறு செய்தால் அவருடைய முகவரும் வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் சொத்து மேலாளர்களையும் சேர்த்துக்கொண்டு சட்டத்தின் பெயரும் வாரியத்தின் பெயரும் நீண்டன.

இரண்டு நாள் வகுப்பு போதுமா என்று கேட்டால், போதாது என்பதுதான் என் கருத்து. இரண்டு நாளில் நிலச் சட்டத்தின் வாசலைப் பார்க்கலாம், உள்ளே போக முடியாது. ஆனாலும் என் பெரியப்பா காலத்தோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அன்று தரகரைக் கேட்க ஆள் இல்லை. இன்று ஓர் எண் இருக்கிறது, அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருக்கிறது.

வெளிநாடுகளிலும் இந்தக் கதை மெதுவாகத்தான் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா 1917இல் தரகர் லைசென்ஸ் சட்டம் கொண்டுவந்தது. நீதிமன்றம் அது செல்லாது என்றதும் 1919இல் திரும்பவும் எழுதியது. சிங்கப்பூரில் முகவர்களுக்கென்று தனி மன்றம் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. இந்தியா 2016 வரை காத்திருந்தது. இதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் சென்னைப் பக்கம் மனை வாங்க ஆசைப்படுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். தமிழ்நாட்டில் ரெரா ஆணையத்தின் கீழ் வரும் திட்டங்களை விற்கும் முகவருக்கும் அந்த ஆணையத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். ஓட்டலில் தேநீர் விருந்து வைத்து, அழகான வண்ணத் தாளைக் கொடுப்பவரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள்.

என் பேச்சு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். படப்பிடிப்பு முடிந்து வெளியே வந்தபோது ஓர் அம்மா என்னை நிறுத்தினார். குனோங் ராபாட்டிலிருந்து வந்திருந்தார்.

"தம்பி, அப்ப வீடு காட்ட வர்றவன்கிட்ட நான் என்னதான் கேக்கணும்?"

"கழுத்தில இருக்கிற அட்டையைக் கேளுங்கம்மா. ரென் எண்ணோ இ எண்ணோ இருக்கும். அதை வாரியத்தோட இணையப் பக்கத்தில தட்டிப் பாருங்க, பேரும் கம்பெனியும் ஒத்துப்போகணும். காசு கேட்டா கம்பெனி கணக்குக்குத்தான் கட்டுவேன்னு சொல்லுங்க, ஆள் பேர்ல கட்டாதீங்க. அப்புறம் நில அலுவலகத்தில ஒரு சோதனை எடுக்கச் சொல்லுங்க. கிராண்டு யார் பேர்ல இருக்கு, கடன் இருக்கா, கேவியட் இருக்கா, விற்க மாநில அனுமதி வேணுமா, எல்லாம் அதில வந்திடும்."

அவர் கைப்பையிலிருந்து ஒரு பழைய கடித உறையை எடுத்து அதன் பின்புறத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"என் மகன் எஸ்.பி.எம். முடிச்சிட்டு வீட்டிலதான் இருக்கான். அவன் இந்த வேலைக்குப் போகலாமா?"

"தாராளமா. ஒரு நல்ல நிறுவனத்தில சேர்ந்து அந்த இரண்டு நாள் வகுப்பிலே தொடங்கட்டும். அதோட நிக்காம எழுத்துத் தேர்வுக்கும் படிக்கச் சொல்லுங்க."

"அதில டி.ஓ.எல். பத்தியெல்லாம் வருமா?"

நிலச் சட்டம் படித்தால் வரும் என்றேன். அந்த அம்மா உறையைத் திருப்பி, முன்பக்கத்தில் தன் மகன் பெயருக்குக் கீழே அதையும் எழுதிக்கொண்டார்.